மலையேறுகிறவருக்குப் பரிசு வாங்கும்முன் அதன் எடையைப் பாருங்கள்

மலையேறுகிற, காட்டில் டென்ட் போட்டுத் தங்குகிற ஆளுக்குப் பிறந்தநாள் என்றால் நம் கை நேராகப் போவது 'சர்வைவல் கிட்' டப்பாவுக்குத்தான். கறுப்புப் பெட்டி, உள்ளே முப்பது சாமான்: விரல் நீள டார்ச், கம்பி ரம்பம், திசைகாட்டி பதித்த விசில், ஏடிஎம் கார்டு அளவில் ஒரு மல்டிடூல். பார்க்க அம்சமாக இருக்கும். வாங்கிக்கொண்டவரும் முகம் கோணாமல் நன்றி சொல்வார். பிறகு அது பரணுக்குப் போய்விடும். அடிக்கடி வெளியே போகிறவரிடம் அந்த முப்பதில் உருப்படியான ஐந்தாறு ஏற்கெனவே இருக்கும், அதைவிட நல்ல தரத்தில். மிச்சமெல்லாம் எதற்கும் ஆகாது. சட்டைப் பொத்தான் அளவுள்ள திசைகாட்டி, பக்கத்தில் இரும்போ செல்போனோ வந்தாலே முள்ளைத் திருப்பிக்கொள்ளும். அதை நம்பி வழி பார்த்தால் வம்புதான்.

இந்த ஆட்களுக்குப் பரிசு வாங்குவதில் மற்ற பரிசுகளுக்கு இல்லாத ஒரு நிபந்தனை உண்டு. கொடுக்கிற பொருளை அவர் முதுகில் சுமக்க வேண்டும். 300 கிராம் வீட்டில் ஒன்றுமே இல்லை. எட்டு மணி நேர ஏற்றத்தில் அதே 300 கிராம் நம் பெயரைச் சொல்லித் திட்ட வைக்கும். இன்னொன்று, அனுபவம் கூடக் கூட இவர்கள் ஒவ்வொரு சாமானையும் நாள்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அப்படித் தேடி வாங்கிய பொருளுக்குப் போட்டியாக இன்னொன்றை நாம் கொடுத்தால் அது தோற்கும். அதனால் என் கட்சி இது: அவரிடம் இருக்கிற பொருளை மாற்றப் பார்க்காதீர்கள். அதில் தேய்வதை, கிழிவதை, தீர்ந்துபோவதைச் சரிக்கட்ட வாங்கிக் கொடுங்கள்.

முதலில் தொடவே கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஷூ வேண்டாம். சைஸ் எண் தெரிந்தாலும் வேண்டாம். ஒரே 9-ஆம் நம்பர் ஒரு கம்பெனியில் அகலமாகவும் இன்னொன்றில் குறுகலாகவும் வரும், நாள் முழுக்க நடந்தால் பாதம் வேறு வீங்கும். இறக்கத்தில் கட்டைவிரல் முன்னால் இடித்தால் நகம் கறுத்துக் கழன்று போகும். முதுகுப்பையும் அப்படித்தான். பைக்கு முக்கியமான அளவு லிட்டர் கணக்கு என்று நினைக்கிறோம். அதைவிட முக்கியம் முதுகின் நீளம்: தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை உள்ள தூரம். அது பொருந்தாவிட்டால் இடுப்புப் பட்டை தாங்க வேண்டிய பாரம் முழுக்கத் தோளில் இறங்கிவிடும். பாறையேற்றக் கயிறு, ஹார்னஸ் (உடலில் கட்டும் பட்டை), ஹெல்மெட் எல்லாம் உயிர் தொங்குகிற சமாச்சாரம். எந்தத் தரச்சான்று, எப்போது தயாரானது, எப்படிச் சேமித்து வைக்கப்பட்டது என்பதையெல்லாம் அவரே பார்க்க வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் காரபைனர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) கொடுப்பதானால் அது பாறையேற்றத்துக்கு உதவாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள். உண்மையானதில் எத்தனை கிலோநியூட்டன் (விசையின் அளவு) தாங்கும் என்று பொறித்திருக்கும். இரண்டும் ஒரே பையில் கிடந்தால் அவசரத்தில் கை மாறிவிடும்.

ஸ்லீப்பிங் பேக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பொட்டலத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் வெப்பநிலை பல நேரம் 'கம்ஃபர்ட்' எண்ணாக இருக்காது. அதற்கும் கீழே உள்ள 'லிமிட்' அல்லது 'எக்ஸ்ட்ரீம்' எண்ணாக இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்றால் உயிர் தப்பலாம், தூக்கம் வராது.

சரி, எதை வாங்கலாம்? சாக்ஸிலிருந்து தொடங்குகிறேன். கேட்டால் சப்பென்று இருக்கும், ஆனால் மலையேறுகிறவர் தனக்கென்று யோசித்து யோசித்துத் தள்ளிப்போடும் பொருள் நல்ல சாக்ஸ். கொப்புளம் வருவது உராய்வால், ஈரமும் சேர்ந்தால் இன்னும் எளிதாக வரும். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காய நேரமாகும். மெரினோ கம்பளியில் நைலான் கலந்தது வாங்குங்கள். முழுக் கம்பளி குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும், நைலான்தான் உழைக்கும். விரல் நுனியில் தையல் தட்டையாக இருக்கிறதா என்று உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஷூ போலத் துல்லியமாக அளவு தேவையில்லை, ஒரு சைஸ் இரண்டு மூன்று எண்ணுக்குப் பொருந்தும். கவனிக்க வேண்டியது தடிமன். மெல்லிய சாக்ஸோடு கச்சிதமாக இருக்கும் ஷூவுக்குள் தடித்த சாக்ஸ் போனால் காலை நசுக்கும். அவர் இப்போது போடுவது எந்தத் தடிமன் என்று பார்த்து, அதே தடிமனில் மூன்று ஜோடி எடுத்துவிடுங்கள். மூன்று விதம் வேண்டாம். ஒரே மாதிரி மூன்று என்றால் ஒன்று தொலைந்தாலும் ஜோடி கெடாது.

ஹெட்லேம்ப் நல்ல பரிசு, ஆனால் இங்கேதான் விற்பனைக்காரர் எண்களைக் காட்டி மயக்குவார். '1,000 லூமன், 100 மணி நேரம்' என்று போட்டிருக்கும் (லூமன் என்பது ஒளியின் அளவு). அந்த 1,000 சில நிமிடங்களில் சூடேறித் தானாகக் குறையும். அந்த 100 மணி நேரம் மிகக் குறைந்த ஒளியில். அதிலும் பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றும் அளவுமுறைப்படி, ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை 'எரிகிறது' என்றே கணக்கு. டென்ட்டுக்குள் 10 லூமன் தாராளம். பாதையில் நடக்க 100 போதும், தொலைவில் வழிக்குறி தேட 300 இருந்தால் நிறைவு. எண்ணை விட்டுவிட்டு மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, சிவப்பு விளக்கு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும், ஒரு முறை வெள்ளை ஒளி பட்டால் எல்லாம் போச்சு. மங்கலான சிவப்பில் அந்தப் பாதிப்பு மிகக் குறைவு, பக்கத்தில் தூங்குகிறவரும் திட்டமாட்டார். சிவப்புக்குப் போக வெள்ளையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற மாதிரி பட்டன் வைத்த மாடல்கள் உண்டு, அவற்றை ஒதுக்குங்கள். இரண்டு, லாக் வசதி. அது இல்லாவிட்டால் பைக்குள் ஏதோ அழுத்தி விளக்கு எரிந்து, இரவு எடுக்கும்போது பேட்டரி காலியாக இருக்கும். மூன்று, பேட்டரி. ஒன்றிரண்டு நாள் போகிறவருக்கு யூஎஸ்பி சார்ஜ் வசதி. நீண்ட நாள் போகிறவருக்கு பேட்டரி மாற்றக்கூடியது. கடும் குளிரில் சாதாரண அல்கலைன் பேட்டரி சோர்ந்துவிடும், அங்கே லித்தியம் பேட்டரிதான் தாக்குப்பிடிக்கும். அவரிடம் நல்ல ஹெட்லேம்ப் இருந்தால் அதற்கேற்ற லித்தியம் பேட்டரி இரண்டு செட் கொடுங்கள். அழகில்லாத பரிசுதான், ஆனால் முதல் பயணத்திலேயே வேலைக்கு வரும்.

என்னைக் கேட்டால் மிகச் சிறந்த பரிசு ஒரு ரிப்பேர் பொட்டலம். கடையில் அப்படியே கிடைக்கும் செட்டை வாங்காமல் நாமே சேர்க்கலாம். ஒரு சிறிய ஜிப் பையில் போட வேண்டியவை: ஒட்டும் பேட்ச் டேப், ஆல்கஹால் துடைப்பான் நாலைந்து, தடித்த ஊசி இரண்டு, பாலியெஸ்டர் நூல், ஊக்கு, டென்ட் கம்பி உடைந்தால் மேலே செருகும் அலுமினியக் குழாய், இரண்டு மீட்டர் டக்ட் டேப், மூன்று மீட்டர் மெல்லிய கயிறு. எல்லாம் சேர்ந்து 150 கிராமுக்குள் அடக்கலாம். பேட்ச் டேப்பில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். துணியில் வியர்வையோ எண்ணெய்ப் பசையோ இருக்கும்போதே ஒட்டுவார்கள், அதற்குத்தான் ஆல்கஹால் துடைப்பான். சதுரமாக வெட்டி ஒட்டுவார்கள், மூலை தூக்கிக்கொண்டு உரியும். மூலைகளை வட்டமாக வெட்டி, கிழிசலைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டராவது தாண்டும்படி ஒட்ட வேண்டும், முடிந்தால் உள்ளும் புறமும். வாங்குவதற்கு முன் அவருடைய டென்ட் எந்தத் துணி என்று கேட்டுவிடுங்கள். சிலிகான் பூசிய நைலானில் சாதாரண பேட்ச் ஒட்டவே ஒட்டாது. அதற்கென்று சிலிகான் பசை தனியாக இருக்கிறது. குழாயும் டென்ட் கம்பியைவிடச் சற்றே அகலமாக இருக்க வேண்டும், கம்பியின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போவது நல்லது.

இதே வரிசையில் மழைக்கோட்டுப் பராமரிப்பும் வருகிறது. 'கோட்டு ஒழுக ஆரம்பித்துவிட்டது' என்று பலர் தூக்கிப் போடுவார்கள். பெரும்பாலும் ஒழுகியிருக்காது. மேல்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருளச் செய்யும் பூச்சு தேய்ந்திருக்கும். துணி நனைந்து கனத்துப் போனால் உள்ளே வியர்வை வெளியேற வழியில்லாமல் தேங்கும், அதைத்தான் ஒழுகல் என்று நினைக்கிறோம். சாதாரண சோப்புத்தூளும் ஃபேப்ரிக் சாஃப்ட்னரும் இதை இன்னும் மோசமாக்கும், அவற்றின் மிச்சம் துணியில் தங்கித் தண்ணீரை இழுக்கும். மழைக்கோட்டுக்கென்றே உள்ள திரவச் சோப்பு ஒன்று, பூச்சைப் புதுப்பிக்கும் ஸ்ப்ரே ஒன்று. இந்த இரண்டு பாட்டில் புதுக்கோட்டைவிட மலிவு, பல கோட்டுகளுக்கு மறுஉயிர் கொடுக்கும்.

வாட்டர் ஃபில்டர் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கையடக்கமான, நுண்குழாய் வகை ஃபில்டர்களின் துளை 0.1 முதல் 0.2 மைக்ரான். பாக்டீரியாவும் ஜியார்டியா மாதிரியான ஒட்டுண்ணிகளும் மாட்டிக்கொள்ளும், வைரஸ் தப்பிவிடும், ரசாயனமும் தப்பிவிடும். ஒரு முறை பயன்படுத்தி ஈரமான பிறகு உறைந்துவிட்டால் உள்ளே நுண்குழாய்கள் விரிசல் விடலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும். அதனால் அவரிடம் ஃபில்டர் இருந்தால், குளோரின் டையாக்ஸைடு மாத்திரை ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுப்பது உத்தமம். பாக்டீரியா, வைரஸுக்கு அரை மணி நேரம், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். கடை ஓரத்தில் தள்ளுபடியில் கிடப்பது பெரும்பாலும் முடியப்போகிற சரக்கு.

சோலார் பவர் பேங்க் வாங்கவே வாங்காதீர்கள். கணக்குப் போட்டால் புரியும். 10,000 எம்ஏஎச், 3.7 வோல்ட் என்றால் 37 வாட்-மணி. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலில் ஒரு வாட் சொச்சம் தரும். முழுதாக ஏற நேரடி வெயிலில் முப்பது மணி நேரத்துக்கு மேல். அத்தனை நேரம் வெயிலில் காய்ந்தால் பேட்டரிதான் கெடும். சாதாரண 10,000 எம்ஏஎச் போதும். மின்னழுத்தம் மாறும்போது வீணாவதைக் கழித்தால் ஒரு போனை ஒன்றரை முறை ஏற்றலாம். விமானத்தில் போகிறவர் என்றால் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பொதுவாக 100 வாட்-மணிக்கு மேல் தனி அனுமதி கேட்பார்கள். அடுப்புக்கான கேஸ் கேனிஸ்டரை எந்தப் பையிலும் விடமாட்டார்கள். ஊருக்குப் பறந்து வருகிறவருக்கு அதைப் பரிசாகக் கொடுத்துச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பறவை பார்க்கிறவர் வேறு சாதி. அவருக்கு பைனாகுலர் என்றால் 8×42 எடுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நல்லது என்று தோன்றும், ஆனால் கை நடுக்கமும் அதே விகிதத்தில் பெரிதாகும், பார்வைப் பரப்பும் பொதுவாகச் சுருங்கும். கண்ணாடி போடுகிறவருக்கு 'ஐ ரிலீஃப்' (முழுக் காட்சியும் தெரிய, கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் இடையே விடக்கூடிய தூரம்) 16 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பெல்லாம் கறுத்து நடுவில் மட்டும் தெரியும். ஏற்கெனவே நல்லது வைத்திருப்பவருக்கு, கழுத்தை அறுக்கும் வாருக்குப் பதிலாக இரு தோளிலும் பாரத்தைப் பிரிக்கும் ஹார்னஸ் வார் கொடுக்கலாம். அதன் அருமை அரை நாள் கழுத்தில் தொங்கவிட்டவருக்குத் தெரியும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. மடக்கும் ஃபோம் இருக்கை, நூறு கிராம்கூட இருக்காது, ஈரப்பாறையில் உட்காரும்போது தெய்வம். வெவ்வேறு நிறத்தில் மூன்று டிரை பேக் (தண்ணீர் புகாத பை). நிறம் வேறாக இருந்தால் இருட்டில் எதில் எது என்று தேட வேண்டாம். ஹேமக் (மரங்களுக்கிடையே கட்டும் தொங்கு படுக்கை) கட்டுகிறவருக்கு அகலமான பட்டை, 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாமல். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும். கொசு விரட்டி என்றால் பிக்காரிடின் என்ற மருந்து 20 சதவீதம் உள்ளது. டீட் என்ற மருந்தும் நன்றாக வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக் கூலிங் கிளாஸையும் பிளாஸ்டிக் வாட்ச் கண்ணாடியையும் இளக்கிவிடும். இரட்டைச் சுவர் ஸ்டீல் பாட்டில் காரில் போகிறவருக்குச் சரி, சுமக்கிறவருக்கு வெறும் பாரம். அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கவும் கூடாது, வெடிக்கலாம்.

காரில் போய் இறங்கி டென்ட் போடுகிறவர் என்றால் மேலே சொன்ன எடைக் கணக்கையெல்லாம் தூக்கிப் போடுங்கள். அவருக்கு நல்ல மடக்கு நாற்காலி, கனமான இரும்புச் சட்டி, பெரிய விளக்கு, எதுவும் கொடுக்கலாம். அதனால் கடைக்குப் போகுமுன் அவர் எப்படிப் போகிறார் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். அவரிடமே கேட்கக் கூச்சமென்றால் கூட நடக்கிறவரிடம் கேளுங்கள். "போன தடவை என்ன உடைஞ்சுது, என்ன தீர்ந்துபோச்சு?" என்று கேட்டால் பரிசுப் பட்டியலே கைக்கு வந்துவிடும்.

வாங்கிய பிறகு பில்லை வைத்திருங்கள், டேக்கைக் கிழிக்காதீர்கள். பேட்டரி பொருளைப் பரிசுத்தாளில் சுற்றுமுன் பாதி சார்ஜ் ஏற்றிவிடுங்கள். பிரித்த உடனே எரியவைத்துப் பார்க்காமல் எவரும் விடமாட்டார்.