நிரூபிக்க வேண்டியது அவர் அல்ல

கொலை வழக்கில் ஒருவரை விடுவித்த அந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஊரில் ஒரே கதைதான். "நான் அங்க நிக்கேல்லை எண்டு சொல்லித் தப்பிட்டான். இனி எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம். இல்லாட்டி மூளை சரியில்லை எண்டு டொக்குத்தரிட்ட ஒரு துண்டு எடுப்பினம்." தெருவில் கதைத்தால் விட்டுவிடலாம். படித்த மனிசர் ஒருவர் மேடையேறி இதையே சொன்ன பிறகும் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அலிபையும் மனநிலை வாதமும் ஒன்றல்ல. தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள்.

அலிபை என்றால், சம்பவ நேரத்தில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், வேறிடத்தில் இருந்தார் என்பது. அதை நிரூபிக்கும் பாரம் எங்கள் இலங்கைச் சட்டத்தில் அவர் தலையில் இல்லை. 1940களில் வந்த பெர்னாண்டோ, மார்ஷல் தீர்ப்புகளே இதைத் தெளிவாக்கிவிட்டன. அவர் சொல்வதை நீதிமன்றம் நம்பினால் விடுதலை. நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை, மனதில் நியாயமான சந்தேகம் நிற்கிறது என்றாலும் விடுதலைதான். முழுப் பொய் என்று தள்ளினாலும்கூட, அவர்தான் கொன்றார் என்பதை வழக்குத்தொடுநர் தன் சாட்சிகளைக் கொண்டே நிரூபிக்க வேண்டும். பயத்தில் பொய் சொன்ன அப்பாவிகளும் இருக்கிறார்கள். ஒரு நீதிபதி "எதிரி தன் அலிபையை நிரூபிக்கத் தவறினார்" என்று எழுதினால், மேன்முறையீட்டில் முதலில் அடிபடுவது அந்த வரிதான்.

"அப்ப ஆரும் சொல்லலாமே?" என்று கேட்பீர்கள். முடியாது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 2005 திருத்தத்தில் வந்த 126அ பிரிவை வாசியுங்கள். பொலிசுக்குக் கொடுக்கும் வாக்குமூலத்திலோ நீதவான் முன் நடக்கும் ஆரம்ப விசாரணையிலோ சொல்லியிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், வழக்கு விளக்கம் (விசாரணை) தொடங்க 14 நாளுக்கு முன்னராவது சட்டமா அதிபருக்கு அறிவிக்க வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு, கூட இருந்தவர்கள் யார் என்ற விபரம் வேண்டும். பிந்தினால், போதிய காரணம் காட்டி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

உண்மையான அலிபையே உடைந்து போவதுதான் என்னை வருத்துகிறது. சாவகச்சேரியில் இரவு ஒன்பது மணிக்குக் கொலை. எதிரி எட்டு மணிவரை கொடிகாமத்துக் கலியாணவீட்டில் நின்றார் என்றால் அது அலிபையே இல்லை, மோட்டார்சைக்கிளில் கால்மணித்தியாலப் பாதை. கொழும்பு பஸ் ரிக்கற் இருக்கிறது என்பார்கள். தாய் அதைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருப்பார். மிசினில் அடிக்கும் அந்தத் தாள் சூட்டிலும் வெளிச்சத்திலும் வெளிறிவிடும். வழக்கு விளக்கத்துக்கு வரும்போது கையில் இருப்பது வெறும் வெள்ளைத் துண்டு. மங்காமல் இருந்தாலும் அதில் பயணித்தவரின் பெயர் இராது. கமராப் பதிவு சில கிழமைகளில் அழிந்துவிடும். போன் கோபுரப் பதிவு போன் எங்கே நின்றது என்று சொல்லுமே தவிர, ஆள் எங்கே நின்றார் என்று சொல்லாது. ஆறு வருடம் கழித்துக் கூண்டில் ஏறும் அயலவர், "ஏன் அந்தத் திகதி நினைவிருக்கு?" என்ற ஒரு கேள்வியில் தடுமாறிவிடுவார். கண்கண்ட சாட்சியிடம் குறுக்கு விசாரணையில் "இவர் அங்கு நிற்கவில்லை" என்று எதிரியின் சட்டத்தரணி எடுத்துச் சொல்லாமல் விட்டு, கடைசியில் எதிரிக் கூண்டிலிருந்து சொன்னால் பிந்திய கற்பனை என்றுதான் எடுப்பார்கள்.

மனநிலை வாதத்தில் பாரம் மறுபக்கம். தண்டனைச் சட்டக்கோவை 77ஆம் பிரிவைச் சொல்பவர், செய்கையின் தன்மையையோ அது பிழை என்பதையோ சட்டத்துக்கு மாறானது என்பதையோ அந்த நேரத்தில் அறிய முடியாதவராக, சித்தசுவாதீனம் இல்லாமல் இருந்தார் என்று தானே காட்ட வேண்டும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அப்படித்தான். 1942 சந்திரசேகர தீர்ப்பின்படி வெறும் சந்தேகம் போதாது, நிகழ்தகவின் எடை அவர் பக்கம் சாய வேண்டும். கொலைக்குப் பிறகு எடுத்த துண்டு தனியே நின்று எதையும் செய்யாது. முன்னைய கிளினிக் கொப்பி வேண்டும், அன்றைய நடத்தைக்குச் சாட்சி வேண்டும், மனநல வைத்தியர் வந்து குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும்.

லண்டனிலிருந்து எழுதும் அண்ணைமார் சொல்லும் குறைந்த பொறுப்பு (மனக்கோளாறால் பொறுப்பு குறைகிறது என்ற வாதம்) அங்கத்தைய சட்டம். 1957இல் வந்து 2009இல் திருத்தப்பட்டது, கொலையை ஒரு படி இறக்கும். கொலை பற்றிய எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 294ஆம் பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு இல்லை. திடீர்ச் சினமூட்டல், திடீர்ச் சண்டை போன்றவைதான் கைமோசக் கொலையாக, அதாவது கொலைக்குற்றம் ஆகாத மனிதக்கொலையாகக் குறைக்கும். 77க்குள் வராத, ஆனால் உண்மையில் நோயாளியான மனிதனுக்கு இங்கே நடுவழி கிடையாது. மேடையில் கத்த வேண்டுமென்றால் அதைப் பற்றிக் கத்துங்கள்.

"செத்தவைக்கு ஆர் நீதி சொல்லுறது?" நியாயமான கேள்வி. அந்தக் குடும்பத்தின் முன் நானும் தலைகுனிகிறேன். ஆனால் பிழையான ஆளை உள்ளே போட்டால் கொன்றவன் அதே கோயிலடியில் திரிவான். 1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை என்பதற்காக மரண தண்டனைக் கைதியின் வருடங்கள் லேசானவை ஆகிவிடுமா? 2015 மே மாதம் ஒரு கொலை வழக்கின் கொதிப்பில் யாழ் நீதிமன்றத்துக்கே கல் விழுந்ததைப் பார்த்தோம். இன்று எதிரிக்காக ஆஜராகும் பிள்ளைகளைக் "கொலைகாரன்ர ஆள்" என்கிறீர்கள். அவர்களும் உங்கள் பிள்ளைகள்தான். நாளை உங்கள் மகனைச் சந்தேகத்தில் பிடித்து, விளங்காத மொழியில் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கினால், "நான் அண்டைக்கு அங்க இல்லை" என்ற அவன் வசனம் அந்தத் தாளில் ஏறியதா என்று யார் தேடுவார்?

அப்படி ஒரு நாள் வந்தால் அன்றைக்கே ஒரு கொப்பி எடுங்கள். நேரம், இடம், நின்றவர் பெயர் எல்லாம் எழுதி, ரிக்கற்றைப் போட்டோக்கொப்பி அடித்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். மேல் நீதிமன்றம் குற்றவாளி என்றால் மேன்முறையீட்டுக்கு இருப்பது 14 நாள், அழுது முடிக்கவே அது காணாது.