கேமராவை விட மைக் முக்கியம்

யூடியூப் சேனல் தொடங்க முதலில் நல்ல கேமரா வாங்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மாவின் சமையலை எடுத்துப் போட்டபோது படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் மீன் குழம்பு தாளிக்கிற சத்தத்திலும் மின்விசிறி இரைச்சலிலும் அம்மா சொன்ன புளியின் அளவு யாருக்கும் கேட்கவில்லை. புடவைத் தலைப்பில் குத்துகிற சின்ன மைக் வாங்கிய பிறகுதான் ஆட்கள் கடைசி வரை பார்த்தார்கள்.

அப்புறம், பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். காப்புரிமை கோரப்பட்டால் அந்த வீடியோவின் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியிலேயே இலவச இசை கிடைக்கிறது.

நீள வீடியோ போடுபவர்கள் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களோடு 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. சொந்தபந்தங்களைக் கெஞ்சிச் சேர்த்தால் முதல் கணக்கு நிறையும், இரண்டாவது நிறையாது.