“கல்யாணமானால் ராஜினாமா செய்கிறேன்”

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தாள். மகள் சிவில் சர்வீஸ் மெயின்ஸ் தேறிவிட்ட சேதி கேட்டு, கையில் அல்வாவோடு வந்தாள். பணி விருப்ப வரிசையில் ஐஏஎஸ்ஸுக்கும் மேலே ஐஎஃப்எஸ், அதாவது வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்க்கும் இந்திய வெளியுறவுப் பணி, போடப் போகிறாள் என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

“கலெக்டர்னா உள்ளூர்ல இருப்பா. இது மூணு வருசத்துக்கு ஒரு நாடு. ஆம்பளப் பிள்ளைன்னா சரி மதினி. இவ பின்னால எந்த மாப்பிள்ள பெட்டியத் தூக்கிட்டுப் போவான்?”

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என் மகளைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து முத்தம்மா வழக்கின் தீர்ப்பை இன்னொரு முறை படித்தேன்.

சி.பி. முத்தம்மா. குடகில் விராஜ்பேட்டையில் 1924-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். நம் சென்னையில்தான் படித்தார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம், பிறகு மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். தேர்வு எழுதி அந்தப் பணிக்குள் வந்த முதல் பெண் அவர்தான். விஜயலட்சுமி பண்டிட் அதற்கு முன்பே தூதராக இருந்தார். ஆனால் அது அரசாங்கம் நேரடியாக நியமித்த பதவி.

சேரும்போது அவரிடம் ஓர் உறுதிமொழி வாங்கினார்கள். கல்யாணமானால் ராஜினாமா செய்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தார். வேறு வழி? அதற்கும் முன்னால், நேர்முகத் தேர்விலேயே தேர்வாணையத் தலைவர் ‘இந்தப் பணி வேண்டாம்’ என்று மனசைக் கலைக்கப் பார்த்தாராம். குறைந்தபட்ச மதிப்பெண் கிடைக்கும்படி தான் செய்ததாக அந்தத் தலைவரே பின்னாளில் தன்னிடம் சொன்னார் என்று முத்தம்மாவின் மனுவில் இருக்கிறது. அதையும் தாண்டித்தான் அந்தப் பெண் உள்ளே வந்திருக்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

1950-ல் அரசியலமைப்பு வந்துவிட்டது. அரசு வேலையில் ஆண், பெண் பேதம் கூடாது என்று அதில் எழுதியாயிற்று. பதினோரு வருஷம் கழித்து, 1961-ல் வெளியுறவுப் பணிக்கு விதிகள் போடுகிறார்கள். பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசாங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசுக்குப் பட்டால் அவளை ராஜினாமா செய்யச் சொல்லலாம். கல்யாணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் நியமனம் கேட்கும் உரிமையே இல்லை. உடன் வேலை பார்த்த ஆணுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. பிரிட்டனும் அமெரிக்காவும்கூட 1970-களின் தொடக்கம் வரை தங்கள் பெண் தூதரக அதிகாரிகளைக் கல்யாணமானால் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் சமத்துவத்தைச் சட்டமாக எழுதி வைத்த நாம் செய்தது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

முத்தம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹங்கேரிக்கும் கானாவுக்கும், பின்னாளில் நெதர்லாந்துக்கும் தூதராகப் போனார். அப்படியும் அடுத்த நிலைக்குப் பதவி உயர்வு வந்தபோது ‘தகுதி போதாது’ என்று அவரை நிறுத்திவிட்டு, ஜூனியர்களை மேலே ஏற்றினார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பணியில் இருந்துகொண்டே, தான் எந்த அரசின் குரலாக வெளிநாட்டில் பேசுகிறாரோ அதே அரசின் மேல் வழக்கு. 1979 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆணின் வேலையையும் கெடுக்கத்தானே செய்யும் என்று நேராகவே கேட்டார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடி ஆனது. ஆனால் அவருடைய சீனியாரிட்டியை மறுபடி பரிசீலிக்கவும், பணி விதிகள் எல்லாவற்றையும் அலசிப் பெண்களுக்கு எதிரான கறையை நீக்கவும் நீதிமன்றம் சொன்னது. கல்யாணமான பெண்ணுக்கு உரிமையில்லை என்ற விதியை 1973-லேயே எடுத்துவிட்டார்கள். அனுமதி வாங்கும் விதியையும் நீக்குகிறோம் என்று அரசு இந்த வழக்கின்போது நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

2001-ல் சொகிலா ஐயர் அந்தப் பணியின் உச்சப் பதவியான வெளியுறவுச் செயலர் ஆனார், முதல் பெண். பிறகு நிருபமா ராவ், சுஜாதா சிங். இது நடந்ததே என்ற சந்தோஷம் எனக்கு நிறையவே உண்டு.

ஆனால் விதிப் புத்தகத்திலிருந்து போன அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் கூடத்துக்கு அல்வாவோடு வந்து உட்கார்ந்திருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தூதரக அதிகாரியின் வாழ்க்கை லேசு என்று நான் சொல்லவில்லை. டெல்லியில் பயிற்சி, அப்புறம் ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம், மூன்றாம் செயலராக முதல் நியமனம். மொழி நாக்கில் ஏறி, நாலு மனிதர்கள் பழக்கமாகும் நேரத்தில் மாற்றல் உத்தரவு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறும், ஊரில் அம்மா அப்பாவுக்கு முடியாமல் போனால் ஓடி வர விமானம் கிடைக்க வேண்டும். இத்தனையும் ஆண் அதிகாரிக்கும் உண்டு. அவர் வீட்டில் இதையெல்லாம் யார் சுமக்கிறார்? மனைவி. தன் வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகச் சாமான் கட்டி அவிழ்த்து, வரும் விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போடுகிறாள். அவளைப் பற்றி ‘எந்தப் பொண்ணு பெட்டி தூக்கிட்டுப் போவா’ என்று யாராவது கேட்டதுண்டா? ‘ஃபாரின் மாப்பிள்ளை’ என்று போட்டி போட்டுக்கொண்டு கட்டிக்கொடுக்கிறோம்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் இருக்கிறது. நான் வங்கியில் வேலை பார்த்தவள். 1999-ல் ஆபீசர் பதவி உயர்வு வந்தது, வெளிமாநிலம் போக வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். ‘பிள்ளை பிறந்தா யார் பாக்கிறது?’ மறுநாள் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு என் கணவருக்கு மாற்றல் வந்தபோது அவர் போனார். அதை யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவருக்கே இன்றைக்கு அது வருத்தம். முத்தம்மாவிடமாவது ஓர் அரசாங்கம் கேட்டு எழுதி வாங்கியது. அதை எதிர்த்து வழக்குப் போட ஒரு நீதிமன்றம் இருந்தது. என்னிடம் கேட்டவர்கள் எல்லாம் என் மேல் பாசமாக இருந்தவர்கள்.

திங்கட்கிழமை காலையில் மகளே கேட்டாள், “அத்தை சொன்னதுக்காக வரிசைய மாத்தணுமாம்மா?” அவள் அப்பாதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார், “நீ நெனச்சதப் போடு.”

நாத்தனாருக்கு நேற்று போன் போட்டு முத்தம்மா கதையை முழுசாகச் சொன்னேன். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். “அந்தம்மா கடைசிவரைக்கும் தனியாவா இருந்தாங்க?” என்றாள். ஆமாம் என்றேன். 2009-ல் பெங்களூரில் காலமானார் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “இண்டர்வியூவுக்கு எப்ப டெல்லி போறா?” என்று கேட்டாள்.