கடற்கரையில் நிற்கும் பழைய கார்
மார்க்கெட் மந்தமாக இருக்கும்போது பழைய காரை டிங்கரிங், பெயின்ட் எதுவும் செய்யாமல் இருந்தபடியே விற்பதுதான் லாபம் என்கிறது பழைய கார் விற்பது பற்றி இங்கே வந்த கட்டுரை. கடல் இல்லாத கோயம்புத்தூருக்கு அது சரி. கடலோரக் கீழக்கரையில் எங்கள் சித்தப்பாவின் ஃபியட் 1100-க்கு இன்னும் கம்பெனி பெயின்ட்தான், மினுமினுப்புகூடப் போகவில்லை. வாங்க வந்தவர் காருக்குள் கிடந்த கால்மிதியைத் தூக்கி, தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினார், ஓட்டை விழுந்து அடியில் மணல் தெரிந்தது. உப்புக்காற்று கீழிருந்துதான் தின்னும். விலை ஏறும்வரை வைத்திருங்கள் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் சொல்கிறார். இங்கே இன்னொரு வாடைக்காலத்தை அந்தத் தகடு தாங்குமா? 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ், அதாவது பழமையான வாகனம் என்ற தனிப் பதிவு உண்டு, பாடியை மாற்றியிருந்தால் கிடையாது. அதனால் ஓட்டை விழுந்த இடத்துக்கு மட்டும் பேட்ச் வெல்டிங் வைத்து, வெல்டிங்குக்கு முன்பும் பிறகும் எடுத்த போட்டோவை வாங்குபவரிடம் காட்டிவிடுங்கள்.