டயருக்கு ஒரு சின்னப் பை போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?

ஒட்டிச் செய்யற பிளாஸ்டிக் மாடல் கார் கிட் ஒண்ணு வாங்கினேன். பெட்டி மூடியைத் திறந்ததும் கண்ணுல பட்டதே அதுதான். முன்கண்ணாடி மேல டயர் தடம். கீறலா இருந்தா நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்திருப்பேன். இது கீறல் இல்ல. டயரோட பட்டன் ஒவ்வொண்ணும் கண்ணாடிக்குள்ள உருகி இறங்கியிருக்கு. நகத்தை வச்சு இழுத்தா பள்ளம் பள்ளமா தட்டுது. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா அந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் நெளியுது. சீல் பிரிக்காத பெட்டிங்க இது. மணல்மேட்டுல ஓட்டற டூன் பக்கி வண்டியோட மாடல், 1:24 அளவு, அதாவது நிஜ வண்டில 24ல ஒரு பங்கு. எத்தனை நாள் தேடி, எவ்வளவு ஆசையா வாங்கினது!

இது ஏதோ கைதவறி நடந்த விபத்து இல்ல. கிட் டயரைச் செய்யற வினைல் பிளாஸ்டிக் இயல்பா விறைப்பான பொருள். டயர் மாதிரி வளையணும்னா எண்ணெய்ப் பதத்துல ஒரு மென்மையாக்கியைக் கலக்கணும். அது டயருக்குள்ளயே அடங்கி நிக்காது, கொஞ்சம் கொஞ்சமா வெளியே கசியும். பக்கத்துல பாலிஸ்டைரீன்ங்கற கெட்டிப் பிளாஸ்டிக் இருந்தா அதுக்குள்ள புகுந்து இளக வச்சிடும். கிட்ல டயரைத் தவிர கிட்டத்தட்ட எல்லாமே பாலிஸ்டைரீன், கண்ணாடி உட்பட. நேத்து கண்டுபிடிச்ச விஷயமா இது? ரிம்மைத் தின்னுட்ட டயரோட எத்தனை பழைய மாடல்கள் அலமாரில கிடக்கு! கிட் தயாரிக்கிறவங்களுக்கு இது தெரியாதுன்னு யாரும் என்கிட்ட சொல்ல வேண்டாம். டயரைத் தனியா ஒரு பாலித்தீன் பைல போட்டு ஒட்டினா வேலை முடிஞ்சது. பெட்டி மேல அத்தனை பளபளப்பா படம் அச்சடிக்கக் காசு இருக்கு, இந்தப் பைக்கு இல்லையா?

கம்பெனிக்கு எழுதினேன். படம் எடுத்து அனுப்பினேன். பொருளோட தன்மை அப்படி, அந்தப் பாகம் தனியா கிடைக்காதுன்னு ரெண்டு வரில பதில் வந்தது. பொருளோட தன்மை அப்படின்னு உங்களுக்கே தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு ரெண்டையும் ஒண்ணா கொட்டி மூடுனீங்க? அந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

சாதாரண காரா இருந்தா நான் இவ்வளவு கொதிச்சிருக்க மாட்டேன். பானட்டை மூடிட்டா என்ஜின் தெரியாது. கூரை இருந்தா உள்ள சீட் எப்படி இருக்குன்னு யாரும் குனிஞ்சு பார்க்க மாட்டாங்க. பக்கில மறைக்க இடமே கிடையாது. கதவு இல்ல, கூரை இல்ல, என்ஜின் பின்னாடி அப்பட்டமா தொங்குது. ஸ்டீயரிங், கியர் கம்பி, பெடல், சைலன்சர், வண்டி கவிழ்ந்தா ஆளைக் காக்கற ரோல் பார் குழாய்னு எல்லாமே வெட்ட வெளில நிக்குது. அச்சுல வார்த்தவன் எங்கெல்லாம் சோம்பேறித்தனம் பண்ணினானோ அங்கெல்லாம் நேரா கண்ணு போகும். மத்த எந்த வண்டியையும் விட அதிகக் கவனத்தோட செய்ய வேண்டிய கிட் இது. இதைத்தான் இருக்கிறதுலயே அலட்சியமா செய்யறாங்க.

என்ஜினையே எடுத்துக்குங்க. காத்துல குளிர்ற நாலு சிலிண்டர் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் என்ஜின், பக்கியோட உயிரே அதுதான். பெட்டில வந்தது ரெண்டு பாதியா ஒட்டற ஒரு கட்டி. ஃபேன் மூடியைத் திருப்பிப் பார்த்தா வெறும் குழி, நடுவுல, அச்சுல இருந்து பாகத்தை வெளியே தள்ளற ஊசி குத்தின வட்ட வட்டமான தடம். அந்தப் பக்கம்தான் வண்டில வெளியே தெரியப்போகுது! நாலு வட்டத்துக்கும் பட்டி வச்சு, காய விட்டு, தேய்ச்சு, மறுபடி பட்டி வச்சு, குச்சில உப்புத்தாள் துண்டை ஒட்டி அந்தக் குழிக்குள்ள விட்டுத் தேய்ச்சு... ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுக்கே போச்சு.

குரோமைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். ரோல் பார், சைலன்சர், ரிம், ஹெட்லைட் எல்லாத்துக்கும் கண்ணைப் பறிக்கற மாதிரி குரோம். பார்க்க ஜோரா இருக்கும். ஆனா பாகங்கள் கோத்து வர்ற பிளாஸ்டிக் சட்டத்துல இருந்து ஒவ்வொண்ணையும் வெட்டற இடத்துல எல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும். ரோல் பார் நெடுக அச்சுக் கோடு ஓடுது. அதைச் சுரண்டினா குரோம் போகும், சுரண்டாம விட்டா இரும்புக் குழாய் நடுவுல தையல் போட்ட மாதிரி நிக்கும். பிளாஸ்டிக் சிமென்டும் குரோம் மேல பிடிக்காது. அது பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டற பசை, குரோம் பூச்சு நடுவுல வந்தா எதை இளக்கும்? ஒட்டற இடத்தை எல்லாம் பிளேடால சுரண்டியே ஆகணும். கடைசில மொத்தத்தையும் ப்ளீச்ல ஊறப் போட்டுக் குரோமைக் கழட்டினேன். கோட்டைத் தேய்ச்சு எடுத்தேன், பளபளப்பான கறுப்பு அடிச்சேன், அது மேல மெல்லிசா உலோகச் சாயம் ஏத்தினேன். காசு கொடுத்து வாங்கின குரோமைக் கழட்டறதுக்கு நான் மறுபடி காசு செலவு பண்ணணும்!

வண்டியோட அடித்தட்டு வேற முறுக்கிக்கிட்டு வந்திருந்தது. மேஜைல வச்சா மூணு சக்கரம்தான் தரையைத் தொடுது. வெந்நீர்ல காட்டி, கண்ணாடிப் பலகை மேல அழுத்திப் பிடிச்சு, ஆறற வரைக்கும் கை எடுக்காம உட்கார்ந்திருந்தேன். ரெண்டு தடவை.

வேலைக்குப் பயந்து புலம்பலைங்க. கஷ்டமான வேலை எனக்குப் பிடிக்கும், அதுக்காகத்தான் இந்தப் பொழுதுபோக்குல இருக்கேன். டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்து பிளக் வரைக்கும் முடி மாதிரி வயர் இழுக்கறது, சீட் மேல தையல் கோடு கீறறது, பெட்ரோல் குழாய் வைக்கறது, இதெல்லாம் கிட்ல இல்லன்னு நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். அது என் வேலை, என் சந்தோஷம். கலர் மட்டுமே ரெண்டு வாரம் யோசிச்சேன். அந்தக் காலத்து பக்கிகளோட மினுமினுப்பு எனக்கு வேணும். நிஜ வண்டிக்குப் போடற 0.2 மில்லிமீட்டர் மினுக்குத் துகளை அப்படியே இதுல போட்டா, 24 மடங்கு பெருக்கிப் பாருங்க, வண்டி மேல 5 மில்லிமீட்டர் தகடு ஒட்டின மாதிரி இருக்கும். அதனால இருக்கிறதுலயே நைசான முத்துப் பொடியை நிறமில்லாத லாக்கர் வார்னிஷ்ல கலந்து, ஆரஞ்சு மேல ஆறு தடவை மெல்லிசா அடிச்சேன். விளக்கடில திருப்பினப்போ ஃபெண்டர் வளைவுல ஒளி வழுக்கிக்கிட்டு ஓடினதைப் பார்க்கணுமே! அந்த நேரத்துக்காகத்தான் இத்தனையும். ஆனா கணக்குப் போட்டா, அப்படி எனக்குன்னு செஞ்ச வேலை மூணுல ஒரு பங்குகூடத் தேறாது. மிச்சமெல்லாம் அவங்க கெடுத்து அனுப்பினதைச் சரி பண்ணினது. பெட்டி மேல மட்டும் 'உங்கள் விருப்பப்படி மாற்றி அமைக்கலாம்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பழுது பார்க்கறதுக்குப் பேர் எப்போ இருந்து விருப்பப்படி மாத்தறதுன்னு ஆச்சு?

பக்கியோட கதை தெரிஞ்சவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் இன்னும் நல்லா புரியும். கலிஃபோர்னியாவுல படகு கட்டற தொழில் தெரிஞ்ச புரூஸ் மேயர்ஸ் 1964ல மேயர்ஸ் மாங்க்ஸ்ங்கற டூன் பக்கியோட முதல் வண்டியை உருவாக்கினார். கொஞ்ச நாள்லயே, பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோட அடித்தட்டை 14½ அங்குலம் வெட்டிக் குறுக்கி, மேல ஃபைபர்கிளாஸ் பாடியைப் பூட்டற முறைக்கு வந்துட்டார். 94½ அங்குல வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், 80 அங்குலமாச்சு. 1967ல அவரும் டெட் மேங்கிள்ஸும் மாங்க்ஸ்ல மெக்சிகோவோட பாஹா தீபகற்பத்தை 34 மணி 45 நிமிஷத்துல கடந்தாங்க, மோட்டார் சைக்கிள் சாதனையை விட அஞ்சு மணி நேரத்துக்கு மேல குறைவு. அந்த வண்டி வித்ததே கிட்டாத்தான். சாதாரண ஆளுங்க வீட்டுக் கொட்டகைல பீட்டிலை வெட்டி, ஒட்டி, ஆளுக்கொரு கலர் அடிச்சு ஓட்டினாங்க. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அப்படிப்பட்ட வண்டியோட சின்ன வடிவத்தை விக்கறவங்களுக்கு அந்த வேலை மேல ஒரு மரியாதை இருக்க வேண்டாமா?

கண்ணாடியை நானே செஞ்சேன். நல்ல வேளை, பக்கிக்குத் தட்டைக் கண்ணாடிதான், வளைவு கிடையாது. உருகினதைப் பேப்பர்ல வச்சு ஓரம் வரைஞ்சு, 0.3 மில்லிமீட்டர் தெளிவான ஷீட்டை அதே அளவுக்கு வெட்டினேன். நிஜ அளவுல 7 மில்லிமீட்டர் கனம், பழுதில்ல. சூப்பர் க்ளூ பக்கமே போகல, அதோட ஆவி பட்டா கண்ணாடி வெள்ளைப் பனி பிடிச்ச மாதிரி ஆயிடும். வெள்ளைப் பசையை ஊசி நுனில தொட்டுத் தொட்டு ஃபிரேம்ல வச்சு, ஒரு ராத்திரி காய விட்டேன். கிட்ல வந்ததை விட இது தெளிவா இருக்கு. அதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருது. ரிம் சுத்தி அலுமினிய டேப் ஒட்டின பிறகுதான் டயரை மாட்டினேன், இனி அதைத் தின்ன விட மாட்டேன்.

வீட்டுல பிரிக்காம அடுக்கி வச்சிருக்கிற கிட் இருந்தா இன்னிக்கே பிரிங்க. சீல் போனா மதிப்பு போயிடும்னு பார்க்காதீங்க. டயரை எடுத்துத் தனிப் பைல போடுங்க, கண்ணாடியை வேற பைல போடுங்க. நான் நேத்து ராத்திரி பதினோரு பெட்டி பிரிச்சேன். நாலுல டயர் பை இல்லாம சும்மா கிடந்தது. அதுல ஒண்ணுல, ஹெட்லைட் லென்ஸ் ஏற்கெனவே டயரோட ஒட்டிக்கிட்டு இருந்தது.