சிறிய மார்பு என்றால் 'ஏ' கப் தானா?

"மார்பு சிறியதாக இருந்தால் 34ஏ வாங்கிக்கொள்ளுங்கள், கப்பில் இடைவெளி விழுந்தால் பேட் வைத்த பிரா போடுங்கள்" என்று ஒரு குறிப்பு சுற்றி வருகிறது. இரண்டு பாதியுமே தவறு.

கப் எழுத்து தனியாக எந்த அளவையும் சொல்லாது. மார்பின் சுற்றளவுக்கும் அதற்குக் கீழே உள்ள விலா எலும்புச் சுற்றளவுக்கும் இடையிலான வித்தியாசம்தான் அது. பொதுவாக 1 அங்குலம் ஏ, 2 பி, 3 சி. கீழ்ச்சுற்று 30, மார்புச்சுற்று 33 என்றால் அளவு 30சி. ஆமாம், சி! 30சி, 32பி, 34ஏ மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றே. மாறுவது எண் குறிக்கும் பட்டை மட்டும், அதாவது மார்புக்குக் கீழே உடலைச் சுற்றிவரும் பகுதி. ஆக, மெலிந்த உடல்வாகு உள்ளவருக்கு 34ஏ கொடுத்தால் பட்டை தொளதொளவென்று முதுகில் மேலேறும், கப் முன்பக்கம் விலகி நிற்கும். பழி மட்டும் மார்பின் மேல். பட்டை அளவு காணக் கீழ்ச்சுற்றோடு 4 அங்குலம் கூட்டும் பழைய கணக்கும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

சரி, பட்டை சரியாக இருந்தும் மேலே இடைவெளி விழுகிறதா? அப்போது பார்க்க வேண்டியது வடிவத்தை. மேற்புறம் தட்டையான மார்புக்கு முழுக் கப் பொருந்தாது. மேல்விளிம்பு தாழ்ந்த டெமி கப் அல்லது பேட் இல்லாத மெல்லிய பிராலெட் அழகாகப் படியும். அச்சில் வார்த்த கெட்டியான மோல்டட் பேட் உடலோடு வளையாது என்பதால் இடைவெளி இன்னும் கூடத்தான் செய்யும். பேட் பிடித்திருந்தால் தாராளமாகப் போடலாம், அது வேறு விஷயம்.

புதிய பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான இடத்தில் மாட்டிப் பாருங்கள். நாளாக நாளாக எலாஸ்டிக் தளரும்போது உள்கொக்கிகள் உதவும்.