பாடகன் எழுதக்கூடாதா, நடிக்கக்கூடாதா?

எங்கள் சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு பையன் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே கவிதையும் எழுதி நாடகத்திலும் நடித்தால் போதும், "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஹென்றி ராலின்ஸ் ஞாபகமும் வருகிறது.

வாஷிங்டனில் ஐஸ்கிரீம் கடை மேனேஜராக இருந்தவர். 1981-ல், இருபது வயதில், வேலையை விட்டுவிட்டு பிளாக் ஃபிளாக் என்ற பங்க் குழுவில் (பங்க் என்றால் வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை) பாடப் போனார். வேனில் ஊர் ஊராக அலைச்சல், கையில் காசு இல்லை, மேடையில் நிற்கும்போதே கூட்டத்திலிருந்து எச்சில் வந்து விழும், சில நாள் அடியும் விழும். அத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து டைரி எழுதியிருக்கிறார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். 1986-ல் குழு கலைந்துவிட்டது. அந்த டைரி 1994-ல் 'கெட் இன் தி வேன்' என்று புத்தகமானது, அவரே வாசித்த ஒலிப்பதிவுக்கு அடுத்த வருடம் கிராமி விருது கிடைத்தது. பாட்டுக்கு அல்ல, வாசிப்புக்கு!

புத்தகம் போட்டதும் அவருடைய சொந்தப் பதிப்பகம்தான். குழுவின் கிட்டாரிஸ்ட் கிரெக் கின் தானே எஸ்.எஸ்.டி. என்ற கம்பெனி நடத்தி ரெக்கார்டு வெளியிட்டவர். யாராவது வந்து தூக்கிவிடட்டும் என்று காத்திருக்காத அந்தப் பழக்கம் பங்க்கில் வந்தது, அதையே ராலின்ஸ் எழுத்துக்கும் கொண்டுபோனார். அப்புறம் பாட்டே இல்லாமல், ஒற்றை மைக்கோடு மேடையில் நின்று மணிக்கணக்கில் பேசவும் செய்தார்.

நடிப்பில் அவர் பெரிய ஆள் என்று சொல்லமாட்டேன். 'ஹீட்' படத்தில் அல் பசினோவிடம் அடி வாங்கும் அடியாள், இப்படித்தான் பெரும்பாலும் சின்னச் சின்ன வேடங்கள். அதனால் என்ன? பாட்டும் எழுத்தும் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சரி, அமெரிக்கா வரை எதற்குப் போகவேண்டும்? ஏற்காடு ரோட்டில் பழைய சினிமா கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. அவர்கள் எடுத்து 1940-ல் வந்த 'உத்தம புத்திர'னில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்து, தன் பாட்டையும் தானே பாடினார். அந்தக் காலத்து நாடகக் கம்பெனியில் பாடத் தெரியாதவனுக்கு ராஜபார்ட் கிடைப்பதே கஷ்டம். கருணாநிதி இதே ஊரில் உட்கார்ந்து படத்துக்கு வசனம் எழுதினார், கட்சி மேடையிலும் பேசினார். இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு அந்தப் பையனை ஒன்றில் மட்டும் நில் என்று அடக்குவது அநியாயம்.

ராலின்ஸைத் தெரியாதவர்கள் 1981-ல் வந்த 'டேமேஜ்ட்' ஆல்பத்தை முதலில் கேளுங்கள், சத்தமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டு முடித்த கையோடு அந்த டைரியைப் படியுங்கள்.